வால்பாறைக்கு இரண்டு கேமராக்கள்

பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது வாரத்தில், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் புறப்பட்ட காலைப் பேருந்தில் என் மடியில் ஒரு பெரிய பையும், பக்கத்தில் அமர்ந்திருந்த அக்கா மகனின் மடியில் பள்ளிக் குழந்தையின் சாப்பாட்டுப் பையைவிடச் சற்றே பெரிய ஒரு பையும் இருந்தன. என்னுடையதில் ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் ஃபுல் ஃபிரேம் கேமராவான சோனி ஏ7 3, அதற்குரிய 200-600 லென்ஸ், 20 மி.மீ. லென்ஸ் ஒன்று. அவனுடையதில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையைச் சேர்ந்த ஓஎம்-1, அதற்கான 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ், 12-40 லென்ஸ். தோள்பட்டை வலி காரணமாக, அவனுடையதைப் போன்ற சிறிய சென்சாருக்கு (ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லுக்கு) மாறிவிடலாமா என்ற கேள்வி ஓராண்டாகவே என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்ததால், மூன்று நாட்கள் இரண்டையும் ஒரே காட்டில், ஒரே வெளிச்சத்தில் பயன்படுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

ஆழியாறு அணையைக் கடந்ததும் மலைப்பாதை ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9ஆவது வளைவுக்கருகே, எதிரே வந்த லாரி திரும்பி முடிப்பதற்காகப் பேருந்து அரை நிமிடம் நின்றபோது, மேலே பாறைச் சரிவில் மூன்று வரையாடுகள் நின்றுகொண்டிருந்தன. அவன் சன்னல் வழியாக ஆறேழு படங்கள் எடுத்துவிட்டான். நான் பையின் இழுப்பானைத் திறந்து லென்ஸைப் பாதி வெளியே எடுத்திருந்தேன், பேருந்து நகர்ந்துவிட்டது. இதைச் சென்சாரின் வெற்றி தோல்வியாக நான் கருதவில்லை, ஆனால் அந்த அரை நிமிடத்தைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

ஃபுல் ஃபிரேம் என்ற பெயரே சிலருக்கு மற்றவையெல்லாம் குறைபட்டவை என்ற எண்ணத்தைத் தருகிறது. 36-க்கு 24 மி.மீ. என்ற அந்த அளவு, திரைப்படச் சுருளைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்த ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா கேமராவின் வழியாக, 1925 முதல் உலகெங்கும் பரவியது. அதைவிடப் பெரிய சென்சார்களும் இன்று விற்பனையில் இருக்கின்றன. 2008இல் அறிமுகமான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் சென்சார் 17.3-க்கு 13 மி.மீ.; பரப்பில் ஃபுல் ஃபிரேமின் நான்கில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மி.மீ. அளவில், நாம் பொதுவாகக் க்ராப் சென்சார் என்று சொல்லும் ஏபிஎஸ்-சி இருக்கிறது.

மறுநாள் காலை புதுத்தோட்டத்துக்குப் போனோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் சிறிய காட்டுத் துண்டு அது. சிங்கவால் குரங்குகள் சாலையில் அடிபடாமல் இருக்க, மரத்திலிருந்து மரத்துக்குச் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கூட்டம் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் கடந்து வந்தது. குட்டியை வயிற்றில் அணைத்தபடி ஒரு தாய் பலாமரக் கிளையில் அமர்ந்து, எங்களைச் சிறிதும் பொருட்படுத்தாமல் இலைகளைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. மரத்தடி நிழலில் வெளிச்சம் குறைவு. நான் 600 மி.மீ.இல் எஃப் 6.3, ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200 என்று எடுத்தேன் (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்; ஐஎஸ்ஓ கூடினால் கிடைத்த ஒளி படத்தில் கூட்டிக் காட்டப்படும்). அவன் 300 மி.மீ.இல் எஃப் 4, அதே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ 1250. சென்சார் சிறியதாக இருப்பதால் அவனுடைய 300, பார்வைக் கோணத்தில் என்னுடைய 600-க்கு இணை.

அன்று மாலை விடுதியில் இரண்டு படங்களையும் மடிக்கணினியில் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நான் எதிர்பார்த்த வேறுபாடு இல்லை. நான்கு மடங்கு பரப்பு என்றால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) நன்மை என்றுதான் எல்லோரும் கணக்குச் சொல்வார்கள்; எஃப் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது சரியே. ஆனால் என் லென்ஸின் எஃப் எண் 6.3, அவனுடையது 4. லென்ஸின் குவியத் தூரத்தை (எனக்கு 600, அவனுக்கு 300 மி.மீ.) எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும்: எனக்கு 95 மி.மீ., அவனுக்கு 75 மி.மீ. ஒரே கோணத்தில் ஒரே காட்சியை ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது, சென்சாருக்கு மொத்தமாக எவ்வளவு ஒளி போய்ச் சேரும் என்பதை அந்த வாயின் அகலமே முடிவு செய்கிறது. அப்படிப் பார்த்தால் என் கையில் இருந்த நன்மை இரண்டு ஸ்டாப் அன்று, ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஸ்டாப் மட்டுமே. நிழல் பகுதிகளில் அவன் படத்தில் நாய்ஸ் எனப்படும் புள்ளிக் கலக்கம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது உண்மை. பிடரி மயிரின் ஒவ்வொரு இழையும் இரண்டிலும் தெளிவாகவே இருந்தது.

அந்த மூன்றில் இரண்டு ஸ்டாப்புக்காக நான் சுமந்த எடை எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன். முக்காலி வளையம் இல்லாமல் என் லென்ஸ் 2,115 கிராம், கேமரா 650 கிராம். அவனுடையவை, அதே போல் வளையம் நீக்கி, 1,270 கிராமும் 599 கிராமும். ஏறக்குறைய 900 கிராம் வேறுபாடு. இந்த எண்ணைக் கடையில் நின்று படித்தால் பெரிதாகத் தோன்றாது. தேயிலைச் செடிகளுக்கு இடையே இரண்டு மணி நேரம் நடந்த பிறகு, தலைக்கு மேலே ஒரு பெரும் இருவாச்சி பறந்து வரும்போதுதான் அது தெரியும். இருவாச்சியின் இறக்கை ஓசை பறவை கண்ணில் படுவதற்கு முன்பே, தொலைவில் ரயில் எஞ்சின் பெருமூச்சு விடுவதுபோலக் கேட்டுவிடும்; கேட்ட கணத்தில் கேமரா கண்ணுக்கு வந்திருக்க வேண்டும். என் கைகள் அப்போது நடுங்கின. அக்கா மகன் அதைக் கவனித்துவிட்டு, “சித்தி, இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க” என்று தன் கேமராவை என் கையில் கொடுத்தான். பறவை ஆலமரத்தில் அமர்ந்து பழம் தின்னத் தொடங்கியிருந்தது. ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு என்ற மெதுவான வேகத்திலும், முக்காலி இல்லாமல், அசைவின்றி எடுக்க முடிந்தது. பறவையின் கண்ணை அந்தக் கேமரா தானாகவே கண்டுபிடித்துப் பின்தொடர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் அது சென்சாரின் அளவைச் சார்ந்த திறமை அன்று. என் கேமரா 2018இல் வந்தது, அவனுடையது 2022இல் வந்தது. இன்றைய புதிய ஃபுல் ஃபிரேம் கேமராக்களும் அதைச் செய்கின்றன. ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

அன்றிரவு கணக்கு மாறியது. வானம் ஒரு மேகம்கூட இல்லாமல் தெளிந்திருந்தது. வெளியே போய் எடுக்கலாம் என்று எழுந்தபோது விடுதிக் காவலர், “யானை நிக்குதுங்கம்மா, திண்ணையோட இருந்துக்குங்க” என்றார். அருகில் யானை இருந்தால் எச்சரிக்க, சாலையோரக் கம்பங்களில் சிவப்பு விளக்குகளை ஒளிரச் செய்யும் ஏற்பாடு வால்பாறையில் உண்டு. தொலைவில் அப்படி ஒரு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஆகவே திண்ணையிலேயே, கேமராக்களைக் கைப்பிடிச் சுவரின்மேல் துணி மடித்து நிறுத்தி, ஓரியன் விண்மீன் கூட்டத்தை எடுத்தோம். என் 20 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8, 15 நொடி, ஐஎஸ்ஓ 3200. அவனுடைய 12-40இல் மிகக் குறைந்த எஃப் எண் 2.8, அதே 15 நொடிக்கு ஐஎஸ்ஓ 8000 வரை ஏற்ற வேண்டியிருந்தது. வாயின் அகலம் எனக்கு 11 மி.மீ., அவனுக்கு நாலேகால். அதாவது ஒவ்வொரு விண்மீனிலிருந்தும் நான் பெற்ற ஒளி ஆறு மடங்குக்கும் மேல். என் படத்தில் மலை விளிம்பின் கருமைக்கும் வானத்தின் கருநீலத்துக்கும் இடையே மெல்லிய நிற வேறுபாடு இருந்தது. அவன் படத்தில் இரண்டும் புள்ளிகளாகக் கலங்கிவிட்டன. அவனிடம் 12 மி.மீ. எஃப் 2 லென்ஸ் இருந்திருந்தாலும் 6 மி.மீ.தான் கிடைத்திருக்கும். இந்த 20 மி.மீ. லென்ஸோ எடையில் மிகக் குறைவு; 373 கிராம். அகன்ற கோணத்தில் ஃபுல் ஃபிரேம் தரும் நன்மைக்குத் தோள் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை எனக்கு உணர்த்தியது அந்தத் திண்ணைதான். கோயில் கருவறை முன்மண்டபம், விளக்கொளியில் நடக்கும் கூத்து, வீட்டுக்குள் நடக்கும் சடங்கு என்று நான் விரும்பி எடுக்கும் மற்றவையும் இந்த இருட்டைச் சேர்ந்தவையே.

முதல் கேமரா வாங்கப் போகிறவர் ஒருவர் என்னிடம் கேட்டால், நான் ஏபிஎஸ்-சியைத்தான் சொல்வேன். இரு பக்கமும் சற்றே விட்டுக்கொடுத்து, ஒரே பையில் பெரும்பாலான வேலைகளை அது முடித்துவிடும். என் நிலைமை வேறு. ஊர் திரும்பிய இரண்டாவது வாரத்தில் 200-600 லென்ஸை விற்றுவிட்டேன். ஃபுல் ஃபிரேம் கேமராவும் 20, 35 மி.மீ. லென்ஸ்களும் என்னிடமே இருக்கின்றன. விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பிறர் பயன்படுத்திய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா ஒன்றும் 300 மி.மீ. லென்ஸும் வாங்கியிருக்கிறேன். இரண்டு சார்ஜர், இரண்டு வகை பேட்டரி என்ற தொல்லை உண்டு, அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். 18-க்கு 12 அங்குலத்தில் அச்சிட்ட சிங்கவால் குரங்கின் படம் இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அது அக்கா மகன் எடுத்த படம்.