மேற்கே இரண்டு விளக்கு

பிப்ரவரி 8, 2023, புதன்

வடகம் காயவைத்த புடவையைச் சுருட்டத்தான் மாடிக்குப் போனேன். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். சூரியன் போன பக்கம், செல்போன் டவருக்குக் கொஞ்சம் இடதுபுறம், யாரோ டார்ச் அடித்துப் பிடித்த மாதிரி ஒரு வெளிச்சம். நட்சத்திரம் என்றால் மினுக்க வேண்டாமா? இது மினுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக.

போனில் ஒரு படம் எடுத்தேன். படத்தில் வெளிச்சத்தோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் விழுந்திருந்தது: பச்சை கலந்த நீலத்தில் ஒரு வட்டம். வயிற்றில் என்னமோ செய்தது. "இது என்ன?" என்று ஒரு வரி போட்டு குடும்ப குரூப்பில் அனுப்பிவிட்டுக் கீழே வந்து இட்லிக்கு ஊற்றினேன்.

திங்கட்கிழமைதான் துருக்கியில் 7.8 நிலநடுக்கம். டிவியில் இடிபாடுகளைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. அந்த நேரத்தில் நான் அந்தப் படத்தை அனுப்பியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 9, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் குரூப்பில் 112 செய்தி. 50,000 வருஷத்துக்கு ஒருமுறை வரும் பச்சை வால்நட்சத்திரம் இதுதான் என்று ஒசூர் அண்ணன். கோள்களின் நிலையை வைத்து துருக்கி நிலநடுக்கத்தை மூன்று நாள் முன்பே சொன்ன டச்சுக்காரரின் ட்வீட்டை அத்தை போட்டிருந்தாள். அந்த ட்வீட்டில் "சீக்கிரமோ தாமதமாகவோ" என்றுதான் இருக்கிறது. அடிக்கடி நிலம் ஆடுகிற துருக்கிக்கு அப்படி யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வேறு யாரோ ஒரு வீடியோவை இறக்கிவிட்டிருந்தார்கள். பூமிப் பக்கம் ஒரு பெரிய கோள் வருகிறதாம். அதற்குப் பேரும் அதில் வந்துவிட்டது: நிபிரு.

சாயங்காலம் பெரியப்பாவே நேரில் வந்துவிட்டார். ஜோலார்பேட்டையில் அவரைத் தெரியாத ரயில்காரர் கிடையாது. நிலக்கரி அள்ளிப்போட்டு வேலையைத் தொடங்கி, கரண்ட் எஞ்சின் வரை 34 வருஷம் ஓட்டியவர். முட்டிவலியோடு மாடி ஏறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாப்பா, பக்கவாட்டுல போற லைட்டு நகரும். நம்மள நோக்கி நேரா வர்ற எஞ்சின் லைட்டு நகரவே நகராது. நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா பெருசாகிட்டே வரும். லைனைத் தாண்டுறவன் எல்லாம் அதுலதான் ஏமாறுறான்."

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி.

பிப்ரவரி 11, சனி

வானத்தில் தெரிவது எது என்று பேர் சொல்லும் ஸ்டெல்லேரியம் ஆப்பை இறக்கி, போனை மேற்கே காட்டினேன். கீழே இருப்பது வெள்ளி. மேலே இருப்பது வியாழன். அவ்வளவுதான். மூன்று நிமிஷ வேலை. அதைப் புதன்கிழமை செய்திருக்கலாம்.

ஆனால் குரூப்பில் சொல்ல வாய் வரவில்லை. படம் அனுப்பியதே நான்தானே. பச்சை வட்டம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன்?

அதற்குப் பதில் ராத்திரி பூரா நிபிருவைப் படித்தேன். 1976ல் செக்காரியா சிட்சின் என்ற எழுத்தாளர், பழைய சுமேரியக் களிமண் ஏடுகளைத் தன் பாணியில் படித்து, 3,600 வருஷத்துக்கு ஒரு சுற்று சுற்றும் கோள் ஒன்று இருப்பதாக எழுதினார். பிறகு 1995ல் நான்சி லீடர் என்ற அமெரிக்கப் பெண், வேற்றுக்கிரகவாசிகள் தன்னோடு பேசுவதாகவும் ஒரு பெரிய கோள் பூமிப் பக்கம் வருவதாகவும் சொன்னார். 2003 மே மாதம் என்றார். வரவில்லை. தேதியை 2012 டிசம்பர் 21க்குத் தள்ளினார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை, ஷூ கம்பெனியில் உட்கார்ந்து ஓவர்டைம் கணக்குப் போட்டது நினைவிருக்கிறது. அப்புறம் வேறொருவர் 2017 செப்டம்பர் 23 என்றார். கடன் வாங்கினவன்கூட இத்தனை வாய்தா கேட்க மாட்டான்.

நாசாவில் டேவிட் மாரிசன் என்ற விஞ்ஞானி பல வருஷம் பொறுமையாக இதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு கோள் நெருங்கினால் எப்போதோ வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும், மற்ற கோள்களின் பாதையும் கலைந்திருக்கும் என்பார். 2014ல் வைஸ் விண்தொலைநோக்கியின் தரவுகளைச் சலித்துப் பார்த்ததில், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 10,000 மடங்கு தூரம் வரை, சனி அளவுக்குக்கூடப் புதிதாக ஒரு கோளும் சிக்கவில்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லலாம். "நேரா வர்ற லைட்டு நகராது" என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

பச்சை வட்டம் பிடிபட்டது!

தெருவிளக்குதான். புதன்கிழமை படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது, வலது மேல் மூலையில் எங்கள் தெரு எல்இடி விளக்கு இருந்தது. வட்டம் இருந்தது இடது கீழ்ப் பக்கம். மாடிக்குப் போய் அதே இடத்தில் நின்று கேமராவைத் திறந்தேன். போனை ஆட்டி, விளக்கை இடது மூலைக்குக் கொண்டுபோனால் வட்டம் வலது பக்கம் ஓடுகிறது. விளக்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் வட்டமும் நடுவுக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. கட்டை விரலால் விளக்கை மறைத்தேன், வட்டம் போயே போச்சு. லென்ஸ் கண்ணாடிகளுக்குள் வெளிச்சம் முட்டி மோதித் திரும்பி விழும் பிம்பம். "இரண்டாவது சூரியன்" என்று சுற்றுகிற படங்களில் பாதிக்கு மேல் இந்தச் சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தெருவிளக்குக்குப் பதில் சூரியன்.

வீடியோ எடுத்து குரூப்பில் போட்டு, "தப்பு என்னுடையது" என்றும் எழுதினேன். முதல் செய்திக்கு 112 பதில். இதற்கு இரண்டு கட்டை விரல். ஒன்று அம்மாவுடையது.

பிப்ரவரி 16, வியாழன்

பெரியப்பா வீடியோவைப் பார்த்தாராம். "பச்சை போகட்டும். வெள்ளை?" என்றார்.

வெளிச்சம் நடுங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாக அலைகிறது என்று வேறு சொன்னார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்தேன். உண்மைதான், அலைகிறது. இருட்டில் ஒற்றைப் புள்ளியையே பார்த்தால், பக்கத்தில் ஒப்பிட வேறொன்றும் இல்லாததால், கண் இப்படி ஏமாறும். நாற்காலியை நகர்த்தி, டிஷ் ஆன்டெனா கம்பியின் ஓரத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். அலையவில்லை. சீராகக் கீழே இறங்கி, கொஞ்ச நேரத்தில் கம்பிக்குப் பின்னால் போய்விட்டது.

"பார்த்தீங்களா, நகருது."

"அது நகரல. பூமி சுத்துது. நாலாங்கிளாஸ் பாடம்."

சரி, இவரிடம் ஜெயிக்க முடியாது.

பிப்ரவரி 18, சனி

சிவராத்திரி. கோயிலில் உட்கார்ந்திருந்ததில் ஆகாயத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஒரு யோசனை வந்தது. பூமி சுற்றினால் இரண்டு விளக்கும் சேர்ந்துதானே நகர வேண்டும்? இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறக் கூடாது. நான் முதல் நாள் பார்த்தபோது கை நீட்டி அளந்தால் ஒரு சாண். இன்று அளந்தேன். ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட பாதி!

பெரியப்பாவுக்கு போன் போட்டு, தினம் ஏழு மணிக்கு அவர் வீட்டு மாடியிலிருந்தே அளக்கச் சொன்னேன். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி. எஞ்சின் டிரைவருக்கு வேலை கொடுத்தால் செய்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 22, புதன்

மூன்றாம் பிறை. வெள்ளிக்கு மேலே பிறை, பிறைக்கு மேலே வியாழன். தெருவே மாடியில் நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடின. பயந்தவர்கள் யாரும் இல்லை. நிலா கூட இருந்தால் எதுவும் அழகாகிவிடுகிறது போல.

பெரியப்பாவின் கணக்கு, நோட்டில் பேனாவால்: "20 – ஒரு முஷ்டி. 21 – முஷ்டிக்கு ஒரு விரல் கம்மி. 22 – நாலு விரல்." சிக்னல் ரிஜிஸ்டர் மாதிரி நேரமும் போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று படித்த ஒன்றை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பாபிலோனிய ஏடுகளில் நிபிரு என்ற பெயர் நிஜமாகவே வருகிறது. மர்துக் தெய்வத்தின் நட்சத்திரம். அது எது என்று பார்த்தால், பெரும்பாலும் வியாழன்! ஆக, மேலே இருந்த விளக்கைப் பார்த்து "நிபிரு வந்துடுச்சு" என்ற வீடியோக்காரன் பாபிலோனியக் கணக்கில் தப்பே சொல்லவில்லை. வந்துவிட்டது. வருஷா வருஷம் வருகிறது.

இன்னொன்றும் படித்தேன், இதைப் பெரியப்பாவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம், லடாக்கில் நம் ராணுவத்தினர் எல்லைக்கு மேலே ஏதோ பறக்கிறது, சீனாவின் ட்ரோனாக இருக்கும் என்று 329 முறை குறித்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் வந்து பார்த்துச் சொன்னார்கள்: ஒன்று வெள்ளி, மற்றது வியாழன். எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கே இப்படி என்றால், வடகம் எடுக்கப் போன நான் எம்மாத்திரம்.

அந்த நிறுவனத்தின் காவலூர் வானாய்வகம் எங்களுக்கு எட்டிவிடும் தூரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது. 93 அங்குலத் தொலைநோக்கி. எட்டாம் வகுப்பில் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம்.

மார்ச் 2, வியாழன்

பெரியப்பா ஆறரைக்கே வந்து நாற்காலி போட்டுக்கொண்டார். கையை நீட்டி, சுண்டு விரலை உயர்த்தினார். இரண்டு விளக்கும் அந்த ஒரு விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. நடுவில் ஒரு முழு நிலா வைக்கத்தான் இடம். வெள்ளி சுமார் 20 கோடி கிலோமீட்டரில், வியாழன் சுமார் 86 கோடியில். பக்கம் பக்கமாக நிற்கிற மாதிரி தெரிவது நம் கண்ணுக்கு மட்டும். வெள்ளி ஐந்து மடங்கு பளிச்சென்று இருக்கிறது. அது கிட்டே இருப்பதும், அதன் மேகங்கள் விழுகிற வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் திருப்பி அடிப்பதும் காரணம்.

பெரியப்பா பேசவே இல்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போச்சு. அப்புறம் தானாகச் சொன்னார்:

"லூப் லைன்."

"என்ன பெரியப்பா?"

"பெருசு, அந்த வியாழன், லூப் லைன்ல ஒதுங்கி நிக்குது. சின்னது மெயின் லைன்ல ஃபாஸ்ட்டா வந்து அதைத் தாண்டுது. நாளைக்குப் பாரு, மேல போயிடும். தாண்டுற வண்டி நம்மள நோக்கி நேரா வர்ற வண்டி இல்ல."

மூன்று வாரமாக நான் தேடிய பதில். அவரிடமே இருந்திருக்கிறது.

மார்ச் 5, ஞாயிறு

தாண்டிவிட்டது. இப்போது வெள்ளி மேலே, வியாழன் கீழே, இரண்டு விரல் இடைவெளி.

அம்மா மார்கழி முப்பது நாளும் திருப்பாவை சொல்பவள். "வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்று ஐம்பது வருஷமாக வாய் சொல்லியிருக்கிறது. அது விடியலில், இது சாயங்காலத்தில், ஆனாலும் மாடிக்கு இழுத்துப்போய் மேலே ஒன்று கீழே ஒன்று என்று காட்டினேன். "இதா? இதுவா வியாழன்?" என்றாள். வடகத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டே இரண்டு முறை அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள்.

மார்ச் 22, புதன்

நேற்று இரவு டெல்லியில் நிலம் ஆடியது, ஆப்கானிஸ்தான் நிலநடுக்கம். குரூப்பில் மறுபடி டச்சுக்காரர். பெரியப்பா பதிலுக்குத் தன் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார், விளக்கம் ஒன்றும் இல்லாமல். யாருக்கும் புரியவில்லை.

மார்ச் 24, வெள்ளி

பிறைக்கு நேர் கீழே, பொட்டு வைத்த மாதிரி, வெள்ளி. இன்று நாடு முழுக்க இந்தப் படம்தான். வியாழனைத் தேடினோம். அந்தியின் வெளிச்சத்திலேயே தென்னைகளுக்குள் இறங்கிவிட்டது.

பெரியப்பாவிடம் ஒன்றை ஒப்புக்கொண்டேன். வெள்ளி பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. அது நிஜமாகவே நம்மை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 13 வாக்கில் நமக்கும் சூரியனுக்கும் நடுவே, நாலு கோடி சொச்சம் கிலோமீட்டரில் கடந்துபோகும். 584 நாளுக்கு ஒருமுறை இப்படிப் போகிற வண்டி. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூஞ்சியில் ஒரு பெருமை.

"மறுபடி ரெண்டும் கிராஸ் ஆகுறது எப்போ?"

ஆப்பில் தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த வருஷம் நடப்பது சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில், தெரியாது. அதற்கடுத்தது 2025 ஆகஸ்ட் 12, விடியற்காலை, கிழக்கே.

"கிழக்கேன்னா ஏலகிரி மறைக்குமே," என்றார். "எனக்கு எழுபத்தாறு ஆகியிருக்கும். பாஸ் இருக்கு. முந்தின ராத்திரியே வண்டி ஏறி, மலை இல்லாத ஊரா எங்கயாவது போயிடுவோம். நீ டிக்கெட் எடுத்துக்க."