புத்தளம் அளமும் செச்சோவ்லியே மியூசியமும்

கேரளத்துக்குக் கடற்கரை ஏறத்தாழ 590 கிலோமீட்டர். ஆனால் அங்கே மீன்கறியில் விழுகிற உப்பு பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்தோ குஜராத்திலிருந்தோ போவதுதான். பாறசாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு இது தீராத குறை. "இவ்வளவு கடலு கிடக்கு அளியா, ஒரு கல்லு உப்புக்கு மட்டும் உங்க பக்கம்தான் கையேந்தணும்" என்பார். அவர் வீடு கேரளம், என் வீடு தமிழ்நாடு, நடுவே களியக்காவிளை. இரண்டு வீட்டிலும் பேசுவது தமிழ்தான். அவர் தமிழில் கொஞ்சம் மலையாளம் தூக்கலாக இருக்கும். சரி, எங்கிருந்து விளைகிறது என்றாவது பார்க்கட்டும் என்று மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை அவரை வண்டியில் ஏற்றிக் குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன்.

நாகர்கோவிலிலிருந்து தெற்கே அதிக தூரமில்லை. ஈத்தாமொழிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைத் தாண்டி மணக்குடிக் காயலை நெருங்கினால், தென்னைகள் விலகி வெட்டவெளி தொடங்குகிறது. புத்தளம், சுவாமிதோப்பு, தாமரைகுளம் என்று ஊர்ப்பெயர்கள் மாறினாலும் அளங்கள் இந்தக் காயலை ஒட்டித்தான் கிடக்கின்றன. பழையாறு கடலில் கலக்கிற இடம் மணக்குடி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டதைப் பலர் டிவியில் பார்த்திருப்பார்கள். இப்போது புதுப்பாலம் இருக்கிறது. அதில் நின்று மீன் வலை வீசுவதை வேடிக்கை பார்க்கிறவர்கள் நிறைய. உப்பளத்துக்குள் திரும்புகிறவர்கள் குறைவு.

இவ்வளவு கடல் இருந்தும் கேரளத்தில் ஏன் உப்பு விளைவதில்லை என்பதற்கு விடை வண்டியிலேயே கிடைத்துவிட்டது. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை ரப்பரும் வாழையும் ஒரே பச்சை. தக்கலை தாண்டி, நாகர்கோவிலும் தாண்டித் தெற்கே வந்தால் பனைமரம் தலைகாட்டுகிறது, மண் வெளுக்கிறது. உப்புக்கு வேண்டியது மாதக்கணக்கில் விடாத வெயிலும் காற்றும். கேரளக் கரையில் ஜூன் பிறந்ததும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை. பாத்தியில் நீர் சுண்டி வரும் நேரத்தில் ஒரு மழை கொட்டினால் அத்தனை நாள் வேலையும் கரைந்துபோகும். அகஸ்தீஸ்வரம் தாலுகாவுக்கும் இரண்டு மழையும் உண்டுதான், ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பெய்வதைவிட இங்கே மிகக் குறைவு. போதாததற்கு மேற்குத்தொடர்ச்சி மலை முடிகிற ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று வேறு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்றுதான் இங்கே பாத்தி நீரையும் உறிஞ்சுகிறது.

ஆக, பழைய திருவிதாங்கூருக்கு உப்பு விளைந்த மூலை இந்தத் தென்கோடிதான். நாஞ்சில் நாட்டு நெல்லும் இங்கிருந்தே போனது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு சேர்ந்தபோது கேரளம் சோற்றையும் உப்பையும் ஒன்றாக இழந்தது என்று சொன்னேன். மச்சான் ரசிக்கவில்லை.

உப்பால் இந்த எல்லை அதற்கு முன்பே தகராறு கண்டது. ஆங்கிலேயர் தங்கள் பகுதியில் உப்புக்கு வரி போட்டு விலையை ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்துச் சமஸ்தானத்தில் உப்பு மலிவாகக் கிடைத்தால் அது எல்லை தாண்டிக் கசியுமே! 1865-ல் செய்த வணிக ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் பகுதியில் என்ன விலையோ அதே விலைக்கே உப்பு விற்பதாகத் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒப்புக்கொண்டன. மகாராஜா ஆண்ட நாட்டிலும் கஞ்சிக்கு உப்பு வாங்கியவன் லண்டன் கணக்குக்குத்தான் காசு கொடுத்தான். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட அதே ஏப்ரல் 13-ல், கோழிக்கோட்டிலிருந்து பய்யன்னூருக்குக் கேரளத் தலைவர் கேளப்பனும் புறப்பட்டார். வேதாரண்யத்தில் அளமே இருந்தது. பய்யன்னூர்க்காரர்கள் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பெடுக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்ன பிறகு மச்சானுக்கு முகம் தெளிந்தது.

அளத்துக்குள் நுழைந்தபோது ஐந்தாறு பேர் வேலையில் இருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். வெயில் ஏறுமுன் முடிப்பதற்காக விடியுமுன்னே வந்துவிடுகிறார்கள். உப்பு வாரி முடித்துத் தண்ணீர் குடிக்க வரப்பில் உட்கார்ந்த ஒரு மூத்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "போட்டோ புடிக்கவா வந்திய? பாத்திக்குள்ள மட்டும் எறங்கப்பிடாது, கேட்டியளா" என்றுதான் ஆரம்பித்தார். அந்த ஒரு கண்டிப்பிலேயே இந்தத் தொழில் பாதி புரிந்துவிடும் என்று பிறகுதான் தோன்றியது.

வெளியிலிருந்து பார்த்தால் உப்பு விளைவது சுலபம். கடல்நீரைப் பாய்ச்சு, வெயில் காய்ச்சும், வாரு. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம் இருக்கும். நாம் சாப்பிடும் உப்பு அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். காயல்நீர் முதலில் பெரிய பாத்திகளில் தேங்கி, பிறகு படிப்படியாகச் சின்னப் பாத்திகளுக்கு வருகிறது. வரும் வழியில் முதலில் சுண்ணாம்புச் சத்து கீழே படியும், அப்புறம் ஜிப்சம். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டி, நீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியில் 25 டிகிரி பாமே காட்டும்போதுதான் உப்பு கல்லாக இறங்கத் தொடங்கும். 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொண்டு உப்பு கசக்கும். அதற்குள் வாரிவிட்டு, மிச்சக் கசப்பு நீரைத் திறந்து வெளியேற்ற வேண்டும். இத்தனையும் பாடப்புத்தகக் கணக்கு. அக்காவிடம் டிகிரி பற்றிக் கேட்டேன். அதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு என்றார். ஆனால் நீரின் மேல் ஆடை கட்டுவதைப் பார்த்தே நாளைக்கு வாரலாமா என்று அவருக்குத் தெரியுமாம்.

கணக்கில் வராத வேலை தரையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் முழுக்கச் சேறாகிவிடும். தை பிறந்ததும் நீரை வடித்து, சேற்றை வழித்து, களிமண் தரையைக் காலால் மிதிக்கிறார்கள். வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, ஒரு அடியை அடுத்த அடி தொடுகிறமாதிரி. பாத்தி முழுவதும் மிதித்து, காயவிட்டு, திரும்ப ஈரமாக்கி, திரும்ப மிதித்து. தரை இறுகினால்தான் நீர் கீழே இறங்காது, வாருபலகை இழுக்கும்போது மண் கிளம்பாது. மிதிப்பு சரியில்லாத பாத்தியின் உப்பு பழுப்பாக வரும், விலை போகாது. அதில் ஒருவன் செருப்புக் காலோடு இறங்கினால் அந்தத் தடம் அந்தப் பருவம் முழுக்க நிற்கும்.

இங்கேதான் எனக்கு என் பழைய போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. கப்பல் வேலையில் இருந்தபோது ஸ்லோவேனியாவின் கோப்பர் துறைமுகத்தில் சரக்கு இறக்கத் தாமதமாகி, பொழுது போகாமல் செச்சோவ்லியே உப்பளங்களுக்குப் போயிருக்கிறேன். அதுவும் எல்லையோர ஊர்தான். டிராகோன்யா ஆற்றுக்கு அந்தப் பக்கம் குரோஷியா. பிரான் என்கிற சின்னத் துறைமுக நகரம் பல நூற்றாண்டு இந்த உப்பால் பிழைத்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது வெனிஸ் குடியரசின் கையில் இருந்ததற்கும் உப்பு ஒரு காரணம். அளத்தின் வடபாதியில் இன்றும் பழைய முறையில் உப்பெடுக்கிறார்கள். தென்பாதி கைவிடப்பட்டுவிட்டது; கால்வாயோரம் கல்வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றைச் செப்பனிட்டு உப்பு மியூசியமாக்கியிருக்கிறார்கள். கோடையில் குடும்பத்தோடு பிரானிலிருந்து வந்து இந்த வீடுகளில் குடியிருப்பார்களாம். கீழ்த்தளத்தில் உப்பு, மாடியில் மனிதர்கள். ஏப்ரல் கடைசியில் வந்து ஆகஸ்ட் கடைசியில் திரும்புவது வழக்கம்.

அங்கே என்னை நிறுத்திய பொருள் ஒரு ஜோடி செருப்பு. அடி தட்டையான மரப்பலகை. உப்பு வாருகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் பாத்தியில் நடப்பார்கள். காரணம், அந்தப் பாத்தியின் தரை வெறும் களிமண் இல்லை. அதன்மேல் பெட்டோலா என்று ஒரு படலம்: நுண்ணுயிர்களும் ஜிப்சமும் சுண்ணாம்பும் களியும் சேர்ந்து, மில்லிமீட்டர் கணக்கில் கனமானது. உப்பை மண்ணிலிருந்து பிரித்துவைப்பது அதுதான். 14ஆம் நூற்றாண்டில் குரோஷியாவின் பாக் தீவு உப்புக்காரர்களிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அதைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, உயிரோடு வைத்திருக்க வேண்டும். குதிகால் அழுந்தினால் கிழிந்துவிடும்.

போனில் அந்தச் செருப்புப் படத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என்னவாக்கும்? பலகையக் கட்டிட்டா பாத்தியில எறங்குகினும்?"

"ஆமா அக்கா. கால் பட்டா அவங்க தரை கிழிஞ்சிரும்."

சிரித்துவிட்டார். "காலு படாம பாத்தி எப்பிடி மக்ளே எறுகும்? எங்க காலுதான் இந்தத் தரையே."

அடுத்த படம் அவர்களுடைய வாருபலகை. நீளக் கைப்பிடி, முனையில் குறுக்குப் பலகை. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லை, "இது நம்ம பலகை" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். பாய்கட்டிய சின்னக் காற்றாடி வைத்து நீரை இறைப்பதைக் காட்டியபோது, "காத்து இங்கயுந்தான் சும்மா அடிக்கி" என்று முதலாளி இருந்த திசையைப் பார்த்தார்.

எனக்கு அந்த மியூசியம் பிடித்திருந்தது. ஆனால் அதில் செருப்பு இருந்ததே தவிர, அந்தச் செருப்பைப் போட்ட காலுக்கு என்ன ஆயிற்று என்று ஓர் அட்டைகூட என் கண்ணில் படவில்லை. இங்கே அக்காவின் கால்களைப் பார்த்தேன். விரலிடுக்குகள் வெடித்து, குதிகால் வெளுத்து. உப்புநீரில் சின்னக் கீறல்கூட ஆறாது. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் பூத்துப்போகிறது. கறுப்புக் கண்ணாடி கொடுத்தால் என்ன என்று மச்சான் கேட்டார். கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம். மழை மாதங்களில் வேலை இல்லை, கூலியும் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் அறிவித்தது நல்ல காரியம்தான். மூன்று மாத வீட்டுச் செலவுக்கு அது எந்த மூலைக்கு என்பதும் உண்மை.

வாரிய உப்பெல்லாம் எங்கே போகிறது என்று கடைக்காரர் மச்சான் கேட்டார். நேரே சமையலறைக்குப் போக முடியாது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-லிருந்து நாடெங்கும் தடை. சின்ன அளத்துக்காரர்கள் அயோடின் ஆலைக்கு அனுப்ப வேண்டும், அல்லது கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் தென்னைக்கும் கிடைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும். தென்னைக்கு உப்பா என்று கிழக்குப்பக்கத்து வாசகர்கள் யோசிக்கலாம். எங்கள் ஊரிலும் கேரளத்திலும் தென்னந்தடத்தில் கல்லுப்புப் போடுவது பழைய வழக்கம். மச்சான் கடையிலும் அதற்கென்று ஒரு மூட்டை தனியாக நிற்கும். அது புத்தளத்து உப்பாகக்கூட இருக்கலாம் என்றதும் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பும் வழியில் சுவாமிதோப்பில் நிறுத்தினோம். அய்யா வைகுண்டரின் பதி இருக்கிற ஊர். உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் முத்திரிக் கிணற்றில் நல்ல தண்ணீர். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அவர் சொன்னது சின்னத் துணிச்சல் இல்லை. அதைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு: பிப்ரவரியிலிருந்து மே வரை நல்ல காலம். ஜூனில் வந்தால் வெறும் தண்ணீர்தான் கிடக்கும். காலை ஆறு மணிக்கு அங்கே இருந்தால் வேலையைப் பார்க்கலாம். ஒன்பதுக்கு மேல் கண் கூசும், குடையும் குடிநீரும் அவசியம். குளிர்காலத்தில் போனால் பூநாரைகளும் நெடுங்கால் உள்ளான்களும் உண்டு. சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்டவை என்பதால் சத்தம் போடாதீர்கள். டிக்கெட், வழிகாட்டி, கழிப்பறை எதுவும் கிடையாது. அளம் தனியார் இடம், வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வரப்பில் மட்டும் நடங்கள். பாத்தியைப் பக்கத்தில் பார்க்க ஆசையிருந்தால் அவர்களே ஓர் ஓரத்தைக் காட்டுவார்கள், அங்கேயும் வெறுங்காலோடுதான்.