மாம்பழ மஞ்சள் ரோம்

10 அக்டோபர் 2023, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். அம்மா படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ரோம் எனக்குக் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்த ஊர். எழுபதுகளில் திருச்சியில் அம்மா படித்த கல்லூரி விடுதியில், திரை கட்டி ‘ரோமன் ஹாலிடே’ போட்டார்களாம். எனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் அந்தக் கதைதான். அரண்மனையிலிருந்து நழுவி வரும் இளவரசி, அவள் யாரென்று தெரிந்தும் தெரியாததுபோல ஊர்சுற்றிக் காட்டும் பத்திரிகைக்காரன், கையில் ஒரே ஒரு பகல். அவன் வீடு இருக்கும் தெரு மாம்பழ மஞ்சளாக இருக்கும் என்பாள். கல்லூரிக் காலத்தில் நானே டிவிடி வாங்கிப் பார்த்தேன். படம் கறுப்பு வெள்ளை! அன்றைக்கு அம்மாவோடு பெரிய சண்டை. “எனக்கு அப்படித்தான்டி தெரிஞ்சுது” என்று மட்டும் சொன்னாள்.

11 அக்டோபர், புதன்

காலையிலேயே ஸ்பானியப் படிக்கட்டு. 130க்கும் மேற்பட்ட படிகள். அம்மாவின் முழங்காலுக்குப் பயந்து, பக்கத்து மெட்ரோ நிலையத்தின் லிஃப்டில் மேலே போய், அங்கிருந்து மெதுவாக இறங்கினோம். “இங்கதானேடி உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுவா?” என்று கேட்டபடியே அம்மா ஒரு படியில் உட்கார்ந்தாள். உடனே விசில். 2019லிருந்து இந்தப் படிகளில் உட்காரத் தடை. இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் இன்று வந்தாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் 1720களில் கட்டிய கல் தேய்ந்து பளபளப்பதைக் குனிந்து பார்த்தபோது, தடையில் நியாயம் இருப்பதாகவும் பட்டது.

கீழே இறங்கியதும் தாகம். இந்த ஊரில் தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு வார்ப்பிரும்புக் குழாய்த் தூண், ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன. வளைந்த மூக்கு மாதிரி குழாய் நீட்டிக்கொண்டிருப்பதால் ‘நசோனே’, பெரிய மூக்கு, என்று பெயர். தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து எழும்புகிறது. ஒரு பள்ளிச் சிறுவன் செய்வதைப் பார்த்துவிட்டு அம்மாவும் செய்தாள். முகமெல்லாம் நனைந்துவிட்டது. சில்லென்ற தண்ணீர், கொஞ்சம் கடின நீரின் சுவை.

12 அக்டோபர், வியாழன்

மார்குத்தா தெரு, 51ஆம் எண். படத்தில் பத்திரிகைக்காரனின் வீடு. வெளிக்கதவு வழியாக முற்றத்தை எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது, உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். இதே தெருவில்தான் இயக்குநர் ஃபெலினியும் அவர் மனைவி ஜூலியெத்தா மசினாவும் பல காலம் வாழ்ந்தார்கள். சுவரில் அவர்கள் பெயர் பதித்த கல் இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது அந்த வீட்டைப் பற்றி அல்ல, சுவர்களைப் பற்றி. வெயில் சாய்ந்து தெருவுக்குள் விழுந்தபோது, காரை பெயர்ந்து கொடி படர்ந்த அந்தச் சுவர்கள் ஒவ்வொன்றும் காவியும் மஞ்சளும் குழைந்த நிறத்தில் இருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரே நிறமும் இல்லை. மழை ஓடிய இடம் வெளிறி, உதிர்ந்த இடத்தில் அடியில் இருந்த பழைய செம்மண் நிறம் தெரிகிறது. நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளியின் தோல் அப்படித்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டேன். “வெயில் தெரிஞ்சுதே, அது போதாதா?” என்றாள். இயக்குநர் வில்லியம் வைலர் அந்தப் படம் முழுவதையும் ரோமிலேயே எடுத்தார், 1952 கோடையில். அந்த வெயில் உண்மையான வெயில்.

13 அக்டோபர், வெள்ளி

கோஸ்மெதின் சாந்தா மரியா தேவாலயம். பொய் சொல்பவர் கையைக் கடித்துவிடும் என்ற கல்முகத்துக்கு முன்னால் நீண்ட வரிசை. படத்தில் பத்திரிகைக்காரனாக வரும் கிரிகரி பெக், அதன் வாயில் விட்ட கையைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே எடுப்பார். அதை அவர் ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அந்த அலறல் நிஜம். அம்மா கையை நீட்டவே மறுத்துவிட்டாள்.

படம் எடுத்துக்கொண்டதும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே, பக்கவாட்டில் ஒரு கண்ணாடிப் பேழை. அதில் பூச்சூடிய மண்டையோடு. புனித வாலன்டைனுடையது என்று எழுதியிருக்கிறது. அம்மா வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள்.

இரவு த்ரேவி நீரூற்று. கூட்டம். காசு போட்டோம், திரும்பினோம்.

14 அக்டோபர், சனி

கொலோன்னா அரண்மனை. இதற்காகத்தான் சனிக்கிழமை வரை தங்கினோம். கடைசிக் காட்சியின் பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கும் கூடம் இங்கேதான். கூடத்துக்கு இறங்கும் பளிங்குப் படியில் ஒரு பீரங்கிக் குண்டு கிடக்கிறது. 1849இல் பிரெஞ்சுப் படை ரோமை முற்றுகையிட்டபோது வந்து விழுந்தது, அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்சியில் பத்திரிகைக்காரனிடம் பெரிய செய்தி இருக்கும். விற்றால் பணம். அவன் விற்க மாட்டான், காட்டிக்கொடுக்க மாட்டான். இந்தக் கதையை எழுதிய டால்டன் ட்ரம்போ, அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காகச் சிறை போனவர். ஹாலிவுட்டில் வேலை தரக்கூடாதவர்கள் என்ற கறுப்புப் பட்டியலில் இருந்ததால் படத்தில் அவர் பெயரைப் போட முடியவில்லை. கதைக்கான ஆஸ்கர், பெயர் கொடுத்து உதவிய நண்பர் ஹன்டருக்குப் போனது. 1993இல்தான் அது ட்ரம்போவுக்கு வழங்கப்பட்டது, அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை என்னால் வெறும் காதல் காட்சியாகப் பார்க்க முடிந்ததில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடத்தின் மறுகோடி வரை தனியாக நடந்து போனாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கோடியில் நின்று, பெக் பார்ப்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கையசைத்தேன்.