பலெர்மோவில் தீர்த்தம்

குகைக்குள் தலைக்கு மேலே தகரப் பீலிகள். பாறையில் கசியும் நீரை ஏந்திக் கீழே இறக்குகின்றன. அண்ணாந்தபடியே நின்றேன்.

"தீர்த்தம் பிள்ளை, தலையில தெளியும்."

பின்னால் யாழ்ப்பாணத் தமிழ்! திரும்பினால் ஓர் அம்மா; நெற்றியில் திருநீறு, கையில் மெழுகுவர்த்தி.

மூன்று நாள் விடுப்பில் நான் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ வந்தது, உண்மையைச் சொன்னால், பல்லாரோ சந்தைக் கூச்சலுக்கும் சுடச்சுடப் பொரித்த சோற்று உருண்டையான அரன்சீனாவுக்கும்தான். பெல்லெக்ரினோ மலை சும்மா ஒரு கொசுறு.

1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று ஊர்க்காரர்கள் நம்பும் கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகை, அந்த மலையில்தான் இருக்கிறது. இங்கே குடியேறிய ஈழத் தமிழர்கள், சைவர்களும்தான், நடந்தே ஏறி வருகிறார்கள்.

"நம்ம கோயில் மாதிரியே இருக்கு அம்மா."

"மாதிரி என்ன, கோயில்தானே" என்றவர், முழங்காலைத் தடவிக்கொண்டே, "நீங்களும் நடந்தோ வந்தனீங்கள்?" என்றார்.

பஸ்ஸில் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.