மாங்குளத்து வெள்ளைக் கொறோலா: பொலிஷுக்கு முந்திய வேலைகள்

2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி இவ்வாண்டு பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியிருந்தாலும், வரியோடு சேர்த்துச் சொல்லப்படும் விலையைக் கேட்ட பின்னர், மாமா தம்முடைய பழைய கொறோலா 121ஐயே துலக்கி ஓடுவதென்று முடிவு செய்துவிட்டார். கொட்டில் எதுவும் இல்லாமல், மாங்குளத்து வளவில் மாமரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி அது. "மெஷின் பிடிச்சா பளபளக்கும்தானே, தம்பி?" என்று கேட்டார். பொலிஷ் மெஷின் பிடிப்பது கடைசி வேலை என்றும், அதற்கு முந்தியவைதான் நாளைத் தின்னும் என்றும் அவரிடம் சொல்லி வைத்தேன்.

இன்று கழுவியது மட்டுமே. சோழகக் காற்று அள்ளிக் கொட்டிய கிரவல் தூசி கண்ணாடி விளிம்புகளில் பொருக்காக இறுகியிருந்தது. அதன்மேல் துணி வைத்தால் தூசியே அரமாகிவிடும் என்பதால், முதலில் குழாய்த் தண்ணீரை நெடுநேரம் ஓடவிட்டு, பிறகுதான் ஷம்பூ வாளியைத் தொட்டேன். துணியை அலசுவதற்கென்று வேறொரு வாளி வைத்திருந்தேன். இரண்டாவது வாளியின் அடியில் படிந்த மணலைக் கண்ட பிறகு மாமா அதைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை.

காய்ந்ததும் கையில் சொப்பிங் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைத் தடவிப் பார்த்தேன். வெறுங்கைக்கு வழுவழுப்பாகத் தோன்றிய இடமெல்லாம் பைக்குள் இருந்து தடவும்போது சொரசொரத்தது. தோலுக்கும் பெயின்றுக்கும் இடையிலான உராய்வைப் பை குறைத்துவிடுவதால், மேடு மட்டுமே விரலுக்குத் தெரிகிறது. கூரை ஓரளவு பரவாயில்லை. இடப்பக்கக் கதவுகள் இரண்டும் மோசம்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை

இடப்பக்கம் முழுவதும் குண்டூசித் தலையிலும் சிறிய பழுப்புப் புள்ளிகள். மாமா உடனே ரயிலின்மேல் பழியைப் போட்டார். 1990இல் அறுந்துபோன வடபகுதிப் பாதை, 2013 செப்ரெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை மீண்டும் திறக்கப்பட்ட நாள் முதல் மாங்குளத்தினூடாக வண்டிகள் ஓடுகின்றன. தண்டவாளத்திலும் பிறேக் கட்டையிலும் தேயும் இரும்புத்தூள் அருகில் நிற்கும் வாகனங்களில் பதிவது உண்மையும்கூட. ஆனால், காற்றில் வரும் தூள் கூரையிலும் பொனற்றிலும்தான் முதலில் படியும். இங்கே கூரை ஏறத்தாழ சுத்தமாக இருக்க, இடப்பக்கம் மட்டும் கதவின் பாதி உயரத்துக்குக் கீழே புள்ளி நெருங்கி நிற்கிறது. அந்தப் பக்கத்து வேலிக்கு அப்பால்தான் கேற்றும் கிறில்லும் செய்யும் வெல்டிங் கடை இருக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுந்த வீடுகளுக்கெல்லாம் கேற்று அடித்த கடை. இரும்பு தேய்க்கும் கிறைண்டர் ஓயாத இடம்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் கறுத்த பரல் ஒன்று, அதைச் சுற்றிப் பழுப்பு வளையம், அதன் கீழ்ப்புறத்தில் தண்ணீர் வழிந்த திசையில் நீண்ட மங்கலான வால். கிறைண்டரிலிருந்து செந்நிறமாகப் பறந்துவந்த பரல் சூட்டோடு பெயின்றில் குத்தி உருகிப் பதிந்திருக்கிறது; பிறகு மழையிலும் பனியிலும் துருப்பிடித்து ஊறியிருக்கிறது. பக்கக் கண்ணாடியிலும் அதே பரல்கள் இருப்பது என் ஊகத்தை உறுதிசெய்தது.

இந்த நிலையில் மெஷின் பிடித்தால், பிடுங்கப்படும் பரல் பஞ்சில் சிக்கி அந்தக் கதவு முழுவதையும் வட்ட வட்டமாகக் கீறும். பிடுங்கப்படாத பரலோ தலை மட்டும் மழுங்கி, வேர் உள்ளேயே இருந்து அடுத்த மாரியில் மறுபடியும் பழுக்கும். தொழிற்சாலைப் பெயின்றின் மொத்தத் தடிப்பே பொதுவாக 100 முதல் 150 மைக்கிரோன்தான். அதிலும் தேய்க்கக்கூடிய மேற்படை அரைவாசிகூட வராது. ஆகையால் கரைத்து எடுக்கக்கூடிய எதையும் தேய்த்து எடுக்கக் கூடாது என்பதே இந்த வண்டியில் நான் வைத்திருக்கும் கணக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை (போயா விடுமுறை)

தாரும் மாமரத்துக் கறுப்பும் இன்றைக்கு. சக்கரங்களுக்குப் பின்னாலும் கதவடிப் பட்டியிலும் தார்ப் பொட்டுகள் நிறைய. பெயின்ற் வேலை செய்யும் அண்ணை ஒருவர், "எல்லாத்துக்கும் மண்ணெண்ணெய் காணும்" என்றார். தாருக்கு அது காணும் என்பது உண்மை. துணியில் நனைத்துப் பொட்டின்மேல் சற்று நேரம் ஒட்டவைத்தால், தார் கபில நிறமாகக் கசிந்து தானாகவே இளகும். ஆனால் மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் எண்ணெய்ப்படை அடுத்து அடிக்கப்போகும் மருந்தை இரும்பில் படவிடாது என்பதால், ஒவ்வொரு பகுதியையும் உடனே ஷம்பூ போட்டுக் கழுவ வேண்டும். தாரையும் எண்ணெயையும் முதலில் நீக்கி, இரும்பைப் பிறகு கவனிப்பதற்குக் காரணமும் அதுவே.

மாமரத்தின் கறுப்பு வேறு வகை. தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்புக் கசிவில் கரும்பூஞ்சணம் வளர்ந்து பொனற்றில் படலமாகக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி ஊறவிட, பெரும்பகுதி போய்விட்டது. பறவை எச்சம் அரித்த தழும்புகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அவை அழுக்கல்ல, பள்ளம்.

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

விடியற்காலை, வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கினேன். இந்த மாதத்து வெயிலில் எட்டு மணிக்கே கதவுத் தகடு கையைச் சுடும். சூடான தகட்டில், இரும்புத் துருவைக் கரைக்கும் மருந்தான அயன் றிமூவர் வேலை முடிக்குமுன் காய்ந்துவிடும், காய்ந்தால் கறையும் விடும்.

தயோகிளைக்கொலேற்று உப்புத்தான் இந்த மருந்தின் உயிர். அது துருவிலுள்ள இரும்போடு பிணைந்து நீரில் கரையும் ஊதாநிறச் சேர்மமாக மாறுகிறது. தலைமுடியைச் சுருட்டும் திரவத்திலும் இதே குடும்பத்து இரசாயனம் இருப்பதால் அழுகிய முட்டை நாற்றம் தவிர்க்க முடியாதது. கையுறை போட்டுக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்புறமாக நில்லாமல் அடித்தேன். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு ஒவ்வொரு பழுப்புப் புள்ளியைச் சுற்றியும் செவ்வூதா வளையம் மலர்ந்து, ஒன்றோடொன்று கலந்து, வெள்ளைக் கதவில் கோடு கோடாக இறங்கியது. மாமா பதறி, "பெயின்ற் கரையுது, நிப்பாட்டு!" என்றார். வலப்பக்கக் கதவில் அதே மருந்தை அடித்துக் காட்டினேன்; அங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டுமே நிறம் மாறியது. பெயின்ற் கரைந்தால் இரு பக்கமும் ஊதாவாக வேண்டுமே என்றதும் அமைதியானார். இதுவே வெல்டிங் கடை பற்றிய வழக்குக்கும் தீர்ப்பாயிற்று.

மருந்தை நாலைந்து நிமிடத்துக்குமேல் நிற்கவிடாமல் நன்றாகக் கழுவினேன். வளையங்களும் வால்களும் போய்விட்டன. பெரிய பரல்களின் கறுத்த நடு மட்டும் நிற்கிறது. மருந்து துருவை வெளியிலிருந்துதான் அரிக்கிறது. உள்ளே இன்னும் உலோகமாகவே இருக்கும் பகுதி இலகுவில் அசையாது. எனவே மீண்டும் அடித்தேன். இரண்டாவது தடவை நிறம் மெலிந்தது. ஊதா வருவது நின்றதும் நிறுத்துவதே சரி. அதற்குமேல் ஊற்றுவது காசுக்குத்தான் கேடு.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை

கிளே பிடிப்பதற்கு முன் தண்ணீர்க் கறைகள். நம் கிணற்றுத் தண்ணீரின் வன்மை கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும்; அதே சுண்ணாம்புதான் பொனற்றில் வளையங்களாக நின்றது. சமையலறை வினாகிரியைச் சமபங்கு தண்ணீரில் கலந்து, துணியால் ஒற்றி, சிறிது நேரத்தில் கழுவினேன். கடைசித் துடைப்புக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை (வடிகட்டி உப்பு நீக்கியது) தெளிபோத்தலில் வைத்துக்கொண்டேன். ஊரில் காசு கொடுத்துக் குடிக்க வாங்கும் தண்ணீர் அது என்பதால், அதனால் காரைக் கழுவுவது எனக்கு உடன்பாடில்லை.

கிளே என்பது பெயருக்குத்தான் களி. நுண்ணிய அராவுபொருள் கலந்த செயற்கைப் பிசைபொருள் அது. 1990களில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஜப்பானியர் தடாவோ கொடாத்தே அதை வளையும் சாணைக்கல்லாகவே விவரித்திருக்கிறார். சாணைக்கல் என்று நினைத்துக்கொண்டு பிடித்தால் கை தானாகவே அடங்கும். மென்தரக் கிளேயை மூன்று விரல் அகலத்துக்குத் தட்டி, ஷம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, கதவில் ஒரு முழத்துக்கு ஒரு முழமாகப் பிரித்து, நேர்கோட்டில் போய்வந்தேன். அழுத்தவே இல்லை. ஆரம்பத்தில் கரகரவென்ற ஓசை கேட்கும், கை தடைப்படும். பரல்கள் போகப்போக ஓசை அடங்கி, கிளே தண்ணீர்மேல் வழுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் கிளேயை மடித்துப் புதுமுகம் எடுத்தேன். மடிக்குமுன் பார்த்தால் அதில் கறுப்புப் பரல்களும், கிறைண்டர் கல்லிலிருந்து உதிர்ந்ததென நான் நினைக்கும் சாம்பல்நிற மணிகளும் தெரிந்தன. இவை இரும்பல்லாததால் நேற்றைய மருந்துக்கு அசையவில்லை. கிளேயில் வெள்ளை நிறமும் ஏறியது. வண்டித் தகட்டில் 040 என்ற நிறக்குறியால் காட்டப்படும் வெள்ளை பெரும்பாலும் கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சு இல்லாத ஒற்றைப்பூச்சு. நிறமே மேற்படை என்பதால் அது சிறிது ஏறுவது இயல்பு. வெயில் ஏறியதும் கிளே இளகிக் கதவில் இழுபடத் தொடங்கியது. அதோடு காலை வேலையை நிறுத்திவிட்டு, மாலையில் மீதியை முடித்தேன். நிலத்தில் விழுந்த துண்டை மாமா எடுத்துக் கழுவித் தந்தார். மணல் ஏறிய கிளே உப்புத்தாளுக்குச் சமம் என்பதால், அதைக் கண்ணாடிக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் எறிந்தேன்.

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை

சொப்பிங் பைச் சோதனையில் கதவுகள் இரண்டும் தேறிவிட்டன. கிளே விட்டுச்சென்ற மென்மையான மூட்டம் எதிர்பார்த்ததுதான். இடப்பக்க முன்கதவில் சிறு கட்டத்துக்கு மட்டும் மென்பஞ்சும் நடுத்தரக் கொம்பவுண்டும் (தேய்ப்புப் பசை) பிடித்துப் பார்க்க, மூட்டம் போய்ப் பால்வெள்ளை எழுந்தது. பரல்கள் இருந்த இடத்தில் ஊசிக்குத்துப் பள்ளங்கள் தெரிகின்றன. அவற்றைச் சமப்படுத்துவதென்றால் சுற்றியுள்ள பெயின்றையெல்லாம் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்க வேண்டும். தடிப்பு அளக்கும் கருவி கையில் இல்லாமல் நான் அதைச் செய்யமாட்டேன். விளிம்புகளுக்கு நாடா ஒட்டி, நாளை மீதி வண்டிக்கு இதே பஞ்சும் கொம்பவுண்டும் போதும்.

கதவடிப் பட்டியில் சில பரல்கள் இன்னும் இருக்கின்றன. "அதையும் சுரண்டிவிடு" என்றார் மாமா. மடிப்பு விளிம்பில் பெயின்ற் மெலிந்திருக்கும், சுரண்டினால் தகடு தெரியும் என்று விட்டுவிட்டேன். வெல்டிங் கடைக்காரர் வேலிப்பக்கமாகத் தகரம் ஒன்று நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். மாரி தொடங்குமுன் அந்தப் பட்டிக்கு இன்னொரு முறை அடிக்குமளவு அயன் றிமூவர் போத்தலில் மிச்சமிருக்கிறது.