துலாக்கயிறு

2025 தையில் ஈழத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயா மறைந்த செய்தி கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் அவரிடம் நேரே படித்தவனல்லன். அவர் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியில் பயின்ற எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுபவர், அவர்தான் எங்களுக்கு நாடகம் பழக்கினார்.

அதுவரை நாடகமென்றால் அரண்மனையும் நந்தவனமும் கீறிய சீன் திரை பின்னால் தொங்கும். ஒலிவாங்கிக்கு முன் வந்துநின்று வசனம் பேசுவோம். சேர் முதல் நாளே சீனும் முன்திரையும் வேண்டாமென்றார். பள்ளிக்கூடக் கிணற்றடியில் கிடந்த பழைய துலாக்கயிற்றை எங்கள் பத்துப்பேர் கையிலும் கொடுத்தார். வட்டமாகப் பிடித்தால் கிணறு. நெஞ்சளவில் இழுத்துப் பிடித்தால் வேலி. சாதி சொல்லித் தண்ணீர் அள்ளவிடாமல் மறிக்கப்பட்ட குடும்பமொன்றின் கதை அது. ஊர்ச்சனமாக நின்று பாடியவர்களே அடுத்த கணம் வேலியாக வேண்டும்.

"வேலிக்கு வேற ஆக்களை விட்டால் என்ன சேர்?"

"வேலியைப் பிடிச்சிருக்கிற கை ஆருடையது எண்டு சனம் பாக்கட்டும்."

அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராக ஆடிய 'மண் சுமந்த மேனியர்' நாடகம் பார்க்கச் சேர் கூட்டிப்போனார். சண்முகலிங்கம் ஐயா எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தியது. சனத்தின் பாடு அங்கே பாட்டாகவும் உடம்பின் அசைவாகவும் வந்தது. திரும்பி வரும்போது ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கள் நாடகத்தில் ஊரைவிட்டுப் போகும் மகன் நான். மேடையின் பக்கத்தால் மறையாமல், சனத்துக்கு நடுவால் நடந்து மண்டப வாசலால் வெளியேற வேண்டும்; திரும்பிப் பார்க்கக்கூடாது. மேடையேற்றிய அன்று பாதி வழியில் ஓர் ஆச்சி என் சட்டையை எட்டிப் பிடித்தா. விரலெல்லாம் வெற்றிலைக் காவி.

"போகாதை ராசா. நான் அள்ளித் தாறன்."

எனக்குக் கால் எழவில்லை. மண்டபம் முழுக்கத் திரும்பி அவவைப் பார்த்தது. மேடையில் கயிறு பிடித்திருந்தவர்களில் இரண்டு பேர், சேர் சொல்லிக் கொடுக்காமலே கையைத் தளரவிட்டிருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். பக்கத்தால் போயிருந்தால் அந்தக் கை என்னை எட்டியிராது.

இங்கே நம் சங்க ஒன்றுகூடல்களில் பெரிய திரையில் படம் காட்டி நாடகம் போடுகிறோம். பிள்ளைகள் அழகாகத்தான் நடிக்கிறார்கள். ஆனாலும் அடுத்த முறை ஒரு நாடகத்தையாவது திரையில்லாமல், சனத்துக்கு நடுவில் வைத்துச் செய்ய ஆசைப்படுகிறேன். சனிக்கிழமைகளில் பழக்க நான் தயார். விருப்பமுள்ள பெற்றோர் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.