நாங்களா, நாமா?

மாமாவின் மகன் கனடாவில், மிசிசாகாவில் வளர்ந்தவன். இந்த லீவுக்கு மட்டக்களப்பில் இருக்கிற எங்கள் கல்லடிக்கு வந்திருந்தான். மத்தியானம் வாவி இறாலும் முருங்கைக்காயும் போட்ட கறி மணக்க, அம்மம்மாவைப் பார்த்து "நாங்கள் சாப்பிடுவம்" என்றான். அம்மம்மா அகப்பையைச் சட்டியில் விட்டுவிட்டு, "அப்ப எனக்குச் சோறில்லையா மனே?" என்று கேட்டார். அவனுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'தானே.

கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், விட்டால் நாங்கள் என்று விளக்கப்போய், பேச்சு அவனுடைய ஊர்ப்பெயரில் வந்து நின்றது. மிசிசாகா என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய பெயர். அவர்களின் மொழி ஒஜிப்வே. அதிலும் அச்சொட்டாக இதே வேறுபாடு இருக்கிறது. நீன் என்றால் 'நான்' (நீ இல்லை, கவனம்), கீன் என்றால் 'நீ'. கேட்கிறவரை விட்டுச் சொல்லும் நாங்கள் நீனவிந்த், சேர்த்துச் சொல்லும் நாம் கீனவிந்த். அதாவது அவர்களுடைய 'நாம்' தொடங்குவதே 'நீ'யில்தான். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

உடனே தமிழும் அதுவும் ஒரு தாய் வயிறு என்று வாட்ஸப்பில் கிளம்பிவிடாதீர்கள். ஒஜிப்வேயின் சொந்தங்கள் வேறு. கிரீ, பிளாக்ஃபுட், செயேன், மிக்மாக் எல்லாம் அதோடு அல்கோங்கியன் கிளை, அதற்கும் மேலே அல்ஜிக் என்ற பெரிய குடும்பம். எங்கோ கலிபோர்னியாவின் பசிபிக் கரையில் பேசிய யூரோக்கும் வியோட்டும் இவற்றுக்குச் சொந்தம் என்று மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1913இல் சொன்னபோது ட்ரூமன் மிக்கெல்சன் அடியோடு மறுத்தார், 1958இல் மேரி ஹாஸ் எழுதிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. வியோட்டைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் 1962இல் போய்விட்டார்.

ஒஜிப்வேயில் திணையும் உண்டு, உயிருள்ளது உயிரற்றது என்று. கல் உயிருள்ள பக்கம். ராஸ்ப்பெரிக்கு உயிர் உண்டாம், ஸ்ட்ராபெரிக்கு இல்லையாம். ஏன் என்று மச்சான் கேட்டான். நம்முடைய உயர்திணை அஃறிணை மாதிரி இதைக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

போகிற நாள் வாசலில் நின்று, பாடத்தைச் சரியாகப் பிடித்துவிட்ட சந்தோசத்தில், "அம்மம்மா, நாம போயிற்று வாறம்" என்றான்.

"நானுமா? அப்ப நில்லு மனே, சீலை மாத்திற்று வாறன்."